மசினகுடிப் பக்கம் பிறந்த வெள்ளை எருமைக் கன்று: ஒரு நிகழ்வு ஆய்வு

ஊட்டியிலிருந்து கல்லட்டி மலைப்பாதையில் இறங்கினால் வருவது சீகூர் பீடபூமி. நீலகிரியின் வடக்குப் பக்கத்து மழைமறைவுப் பகுதி, சுமார் 900 முதல் 1,000 மீட்டர் உயரம், முட்புதர்க் காடு. முதுமலைப் புலிகள் காப்பகம் இதைச் சுற்றியே கிடக்கிறது. இங்குள்ள மாட்டுப் பட்டிகள் பாலை மட்டும் நம்பி நடப்பவை அல்ல. பகலில் காட்டோரம் மேய்ந்து, இரவில் பட்டியில் அடையும் மாடுகளின் சாணத்துக்குத் தோட்டங்களில் நல்ல கிராக்கி உண்டு. அதனால் கறவை நின்ற எருமையையும் விற்காமல் வைத்திருப்பார்கள். மந்தை பெரிதாகவே இருக்கும். கடா மட்டும் ஒன்றுதான்.

அப்படி ஒரு பட்டியில், ஐப்பசி மழை பெய்துகொண்டிருந்தபோது, கரிய எருமை ஒன்று முழு வெள்ளையாகக் கிடாரிக் கன்று ஈன்றது. தாய்க்கு இது இரண்டாம் ஈற்று; முதல் கன்று கறுப்பு. பிரசவத்தில் சிக்கல் எதுவும் இல்லை. நஞ்சுக்கொடி நேரத்துக்கு விழுந்தது. தாய் கன்றை நக்கி, மடியில் சேர்த்துக்கொண்டது. எருமை தன் கன்றை வாசனையால் அடையாளம் காண்பதால் நிறம் அங்கே தடையாக இல்லை.

தடை வந்தது மனிதர்களிடமிருந்துதான். பட்டிக்குச் சொந்தக்காரரான அம்மாவிடம் அவருடைய கொழுந்தனார், "அண்ணி, இது வீட்டுக்கு ஆகாது, கைமாத்திடுங்க" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். அக்கம்பக்கத்தில் சிலர் அம்மனுக்கு விட்டுவிடச் சொன்னார்கள். சினையாக இருந்தபோது கிரகணத்தன்று எருமையை வெளியே கட்டியதுதான் காரணம் என்று ஒருவர். இதற்கு நடுவே, சுற்றுலாப் பயணிகளுக்குக் காட்ட வாங்கிக்கொள்கிறேன் என்று நல்ல விலையும் ஒருவர் பேசியிருந்தார். அந்த அம்மா என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: "டாக்டர் தம்பி, இது பொழைக்குமா? பொழைச்சா எனக்கு உதவுமா?"

அதற்குப் பதில் சொல்ல, இது எந்த வகை வெள்ளை என்று முதலில் தெரிய வேண்டும். வெள்ளையாகப் பிறக்கும் எல்லா விலங்கும் ஒரே காரணத்தால் வெள்ளையாவதில்லை. காரணம் எதுவோ அதைப் பொறுத்துத்தான் அதன் கண், காது, குடல், ஆயுள் எல்லாம் அமைகின்றன.

கன்றைப் பார்த்தபோது

மயிர் முழுவதும் பாலாடை நிறம். மயிரை விலக்கிப் பார்த்தால் தோல் இளஞ்சிவப்பு. எருமைத் தோல் கறுப்பு என்பதையே பார்த்துப் பழகிய கண்ணுக்கு இதுதான் மயிரைவிட அதிகம் உறுத்தும். மூக்கு நுனி, உதடு, ஈறு, காதின் உட்புறம், காம்பு, ஆசனவாய் ஓரம் எங்கும் ஒரு கரும்புள்ளி இல்லை. குளம்பு தேன் நிறத்தில், ஒளி ஊடுருவுவதுபோல் இருந்தது. இமை மயிரும் வெள்ளை.

கண்ணில்தான் விடை இருந்தது. கருவிழி சாம்பல் கலந்த இளஞ்சிவப்பு. சாய்வாக டார்ச் அடித்ததும் கண்மணி வழியே உள்ளே சிவப்பு தெரிந்தது. நிறமி இல்லாததால் கண்ணின் பின்புறத்து ரத்த நாளங்களே அப்படித் தெரிகின்றன. கண்கள் ஓரிடத்தில் நிலைக்காமல் இடமும் வலமுமாகச் சின்னச் சின்னதாக ஆடிக்கொண்டிருந்தன. பட்டி வாசலுக்கு இழுத்து வந்து வெயில் பட்டதும் தலையைத் தாழ்த்தி, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டது. நிழலுக்குள் விட்டதும் தானாகத் தாய் மடியைத் தேடிப் போனது, வழியில் கிடந்த மூங்கில் கழியில் இடித்துக்கொண்டு.

மேய்ப்பவர், "கண்ணு முன்னாடி கையை ஆட்டினேன் சார், இமைக்கவே இல்ல, குருடுதான்" என்றார். அதை வைத்து முடிவு செய்யக் கூடாது. எந்தக் கன்றும் பிறந்த முதல் சில நாட்களில் அப்படி இமைக்காது. பார்த்துப் பழகிய பிறகு வரும் எதிர்வினை அது. கண்மணி ஒளிக்குச் சுருங்குகிறதா என்று பார்ப்பதே அந்த வயதில் நம்பத் தக்கது. சுருங்கியது. ஆக, மங்கலான பார்வை உண்டு, குருடு இல்லை.

பின்னால் நின்று தகர டப்பாவைத் தட்டியபோது இரண்டு காதும் சட்டென்று திரும்பின. முதல் மலம் தடையில்லாமல் போயிருந்தது. தொப்புள்கொடியில் ரத்தம் கசியவில்லை. ஊசி குத்திய இடத்திலும் ரத்தம் உடனே நின்றது. இந்த மூன்றையும் ஏன் பார்த்தேன் என்பது அடுத்த பகுதியில்.

எந்த வெள்ளை?

தோலுக்கும் மயிருக்கும் நிறம் தருவது மெலனின். கறுப்பு, பழுப்புக்கு ஒரு வகை மெலனின். மஞ்சள், செம்மைக்கு இன்னொரு வகை. டைரோசின் என்ற அமினோ அமிலத்தை மாற்றித்தான் உடல் இரண்டையும் செய்கிறது. அந்த வேலையின் முதல் படியை நடத்துவது டைரோசினேஸ் என்ற நொதி. வேலை நடக்கும் இடம் மெலனோசைட் எனப்படும் நிறமிச் செல். இந்தச் செல்கள் தோலிலேயே பிறப்பவை அல்ல. கருவில் தண்டுவடம் உருவாகும்போது அதன் ஓரத்தில் இருக்கும் நரம்பு முகட்டில் பிறந்து, முதுகிலிருந்து வயிற்றுக்கும் காலுக்கும் முகத்துக்கும் நகர்ந்து போய்த் தோலில் குடியேறுகின்றன.

ஆகவே வெள்ளைக்கு இரண்டு பெரிய வழிகள். சுவருக்குச் சாயம் பூச ஆள் வந்துவிட்டார், வாளியில் சாயம் இல்லை என்பது முதலாவது. ஆளே வந்து சேரவில்லை என்பது இரண்டாவது. செல் இருந்தும் மெலனின் உருவாகாதது ஆல்பினிசம். செல்லே தோலுக்கு வந்து சேராதது லூசிசம். பாதி இடத்துக்கு வந்து பாதி இடத்துக்கு வராவிட்டால் திட்டுத் திட்டான வெள்ளை. நெற்றி, கால் நுனி, வயிறு, வால் குஞ்சம் ஆகியவை முதுகிலிருந்து தூரத்தில் இருப்பதால்தான் மாட்டிலும் நாயிலும் குதிரையிலும் அந்த இடங்கள் முதலில் வெளுக்கின்றன. பஞ்சாப் பக்கத்து நீலி ராவி எருமைக்கு நெற்றியும் காலும் வால் நுனியும் வெள்ளையாகவும், கண் வெளிறியும் இருப்பது அந்த இனத்தின் இலக்கணமே.

கண் ஏன் இரண்டையும் பிரித்துக் காட்டுகிறது என்றால், விழித்திரைக்குப் பின்னால் இருக்கும் கரும்படலம் நரம்பு முகட்டிலிருந்து வருவதில்லை. அது கருவின் மூளையிலிருந்தே பிதுங்கி வளர்வது. அதனால் நிறமிச் செல்கள் நகராமல் போன லூசிச விலங்குக்கு உடல் வெள்ளையானாலும் கண்ணின் உட்புறம் கறுத்தே இருக்கும். கண் கறுப்பாகவோ நீலமாகவோ தெரியும், சிவக்காது. ஆல்பினிசத்தில் மெலனின் உற்பத்தியே நின்றுவிடுவதால் கண்ணுக்குள்ளும் கறுப்பு இருக்காது.

பார்வை மங்குவது வெறும் கூச்சத்தால் மட்டும் அல்ல. விழித்திரை சரியாக முதிர்வதற்கும், இரு கண்களிலிருந்தும் மூளைக்குப் போகும் நரம்பிழைகள் சரியான பக்கம் பிரிவதற்கும் கருவில் மெலனின் உற்பத்தி தேவைப்படுகிறது. அது குறைந்தால் எதிர்ப்பக்கத்துக்குப் போகும் இழைகள் அளவுக்கு மிஞ்சிவிடும். கண் ஆடுவதும், சிலவற்றுக்கு மாறுகண் ஏற்படுவதும் இதன் விளைவு. எனவே இந்தக் கன்றின் கண்ணுக்குச் சொட்டு மருந்தோ வைட்டமின் ஊசியோ பயன் தராது என்று முதல் நாளே சொல்லிவிட்டேன். யாரேனும் தருகிறேன் என்றால் காசைக் கொடுக்காதீர்கள் என்றும் சொன்னேன்.

காதைச் சோதித்தது லூசிசத்தை ஒதுக்க. நிறமிச் செல்கள் உட்காதிலும் வேலை செய்கின்றன. அவை இல்லாவிட்டால் கேட்காது. நீலக்கண் வெள்ளைப் பூனைகளில் பல செவிடாக இருப்பது இதனால்தான். மலத்தைப் பார்த்ததற்கும் காரணம் உண்டு. குடலை இயக்கும் நரம்புச் செல்களும் அதே நரம்பு முகட்டிலிருந்து வருபவை. குதிரையில் ஒரு வகை வெள்ளைக் குட்டி, குடல் நரம்பு இல்லாமல் பிறந்து, மலம் போகாமல் சில நாட்களில் இறந்துவிடும். ரத்தக் கசிவைப் பார்த்தது செடியாக் ஹிகாஷி என்ற மரபு நோயை ஒதுக்க. மாடுகளிலும் வரும் அந்த நோயில் நிறம் வெளிறுவதோடு ரத்தமும் எளிதில் உறையாது.

இன்னொன்றையும் ஒதுக்க வேண்டியிருந்தது. நம் ஊரில் எருமைக்குக் கண்ணைச் சுற்றியும் விலாவிலும் வெள்ளை படர்ந்தால் பெரும்பாலும் செம்புச் சத்துக் குறைவைத்தான் முதலில் சந்தேகிக்கிறோம். டைரோசினேஸ் நொதி வேலை செய்யச் செம்பு தேவை. அதனால் தாது உப்பு கொடுத்தால் நிறம் திரும்புவதுண்டு. ஆனால் அது நல்ல கறுப்பாகப் பிறந்த மாட்டில் பிறகு வருவது. கண்ணைச் சிவப்பாக்காது. தோடர் எருமைகளின் கன்றுகள் வெளிர் செம்பழுப்பாகப் பிறப்பதைப் பார்த்தவர்கள், இதுவும் அந்தக் கலப்பாக இருக்கலாம் என்றார்கள். அந்தக் கன்றுகளின் மூக்கையும் கண்ணையும் பார்த்தாலே வேறுபாடு புரியும், அவை கறுப்பு.

கண், தோல், கேள்விப்புலன், பிறகு விசாரித்த வம்சாவளி ஆகியவற்றை வைத்து இது முழு ஆல்பினிசம் என்று முடிவுக்கு வந்தேன். பிரேசிலில் முர்ரா எருமைகளிடையே இதே தோற்றத்தில் பிறந்த கன்றுகளைப் பற்றி 2012-ல் வெளியான ஆய்வு, டைரோசினேஸ் மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியதால் நொதி முழுமை பெறாமல் நின்றுபோவதைக் காட்டியது. தென்கிழக்கு ஆசியச் சதுப்பு எருமைகளில் காணும் வெள்ளை வேறு கதை. அங்கே வேறொரு மரபணு, அதுவும் ஓங்கு பண்பு. பெற்றோரில் ஒன்று வெள்ளையாக இருந்தால்தான் கன்று வெள்ளையாகும். நம் கன்றின் தாயும் கறுப்பு, கடாவும் கறுப்பு.

கடாவின் கணக்கு

இரண்டு கறுப்புக்கு எப்படி வெள்ளை பிறக்கும்? பட்டியில் எல்லோரும் தாயையே குறை சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான் கடாவைப் பற்றிக் கேட்டேன்.

ஆல்பினிசம் ஒடுங்கு பண்பு. டைரோசினேஸ் மரபணுவின் இரண்டு பிரதிகளில் பழுதானது ஒன்று, நல்லது ஒன்று என்று இருந்தால் விலங்கு முழுக் கறுப்பாகவே இருக்கும். வெளியே எந்த அடையாளமும் தெரியாது. தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று என இரண்டும் பழுதாக வந்து சேர்ந்தால்தான் வெள்ளை. எனவே இது தாயின் குற்றம் என்பதற்கு இடமே இல்லை. பாதி கடாவிடமிருந்துதான் வந்தாக வேண்டும்.

அந்த அம்மாவுக்குத் தன் எருமைகள் ஒவ்வொன்றின் தாய்வழியும் நினைவில் இருந்தது. யாருக்கு யார் பிறந்தது என்று சொல்லிக்கொண்டே வந்தார். கடாவுக்குப் பல ஆண்டுகளாக மாற்று இல்லை. கன்றின் தாய் அந்தக் கடாவுக்கே பிறந்தது. சொன்ன பிறகு அவரே ஒரு கணம் நிறுத்தி, "அப்போ அப்பனும் மகளுமா?" என்றார். மந்தையில் அதை யாரும் கவனிப்பதில்லை. காட்டோரம் மேயும்போது எது எதனுடன் சேர்கிறது என்று யாரும் காவல் இருப்பதும் இல்லை.

கணக்கைப் போட்டுக் காட்டினேன். கடாவிடம் அந்தப் பழுதுப் பிரதி ஒன்று மறைந்திருந்தால், அது ஒவ்வொரு மகளுக்கும் போக இரண்டில் ஒரு வாய்ப்பு. அப்படி வாங்கிய மகளோடு அதே கடா சேர்ந்தால் பிறக்கும் கன்று வெள்ளையாக நான்கில் ஒரு வாய்ப்பு. இரண்டையும் பெருக்கினால், கடா தன் மகள் எதனோடு சேர்ந்தாலும் எட்டில் ஒரு வாய்ப்பு. உறவில்லாத கடா என்றால் இது எவ்வளவு குறையும் என்பதற்கு ஓர் உதாரணம்: பத்தாயிரம் பிறப்பில் ஒன்று ஆல்பினோ என்று வைத்துக்கொண்டால், அந்தப் பிரதியை மறைத்து வைத்திருப்பவை சுமார் ஐம்பதில் ஒன்றுதான். பிரதியைச் சுமக்கும் எருமையை அந்தக் கூட்டத்திலிருந்து எடுத்த வெளிக்கடாவோடு சேர்த்தால், கடாவும் சுமப்பதாக இருக்க ஐம்பதில் ஒன்று, அதற்கு மேல் நான்கில் ஒன்று. ஆக இருநூறில் ஒன்று.

முதல் கன்று கறுப்பாகப் பிறந்ததே என்று மேய்ப்பவர் கேட்டார். நல்ல கேள்வி. ஒவ்வொரு ஈற்றும் தனிச் சீட்டு. முந்தையது கறுப்பு என்பதால் அடுத்தது வெள்ளை என்றோ, இப்போது வெள்ளை பிறந்துவிட்டதால் அடுத்த மூன்றும் கறுப்பு என்றோ கிடையாது.

எனக்கு வெள்ளை நிறத்தைவிட இந்த விவரமே கவலை தந்தது. நெருங்கிய உறவில் சேர்க்கை நடந்தால் வெளிப்படுவது ஆல்பினிசம் மட்டும் அல்ல. கண்ணுக்குத் தெரியாத பழுதுகளும் அதேபோல் ஜோடி சேரும். சினை பிடிக்காமை, கன்று வலுவில்லாமை, பால் குறைவு என்று அவை வெளியே வரும்போது நாம் தீவனத்தைக் குறை சொல்வோம். வெள்ளைக் கன்று, பட்டி முழுவதும் என்ன நடக்கிறது என்பதை வெளியே காட்டிவிட்டது.

வெயிலும் உண்ணிச்செடியும்

இந்தக் கன்றுக்கு உடனடி ஆபத்து வெயில். மேலே போகப் போக, ஆயிரம் மீட்டருக்குச் சுமார் 10 சதவீதம் என்ற அளவில் புற ஊதாக் கதிர் கூடும். மெலனின் இல்லாத தோலில் அது நேராக இறங்கும். முதலில் சிவந்து உரியும், பிறகு மூக்கும் காம்பும் வெடிக்கும், ஆண்டுகள் போனால் கண்ணோரத்தில் புற்று வரலாம். முகம் வெள்ளையான ஹியர்ஃபோர்டு மாடுகளில் கண் புற்று அதிகம் வருவது நெடுநாளாக அறிந்த விஷயம்.

சீகூரில் இதைவிட நெருக்கமான ஆபத்து ஒன்று உண்டு. லாண்டனா என்ற உண்ணிச்செடி இங்கே புதர் புதராக மண்டிக் கிடக்கிறது. பசி மிஞ்சும்போது மாடு அதைத் தின்றுவிடும். அதன் நஞ்சு ஈரலைக் கெடுத்து, பித்த ஓட்டத்தை அடைக்கும். பச்சிலையிலுள்ள பச்சையம் செரிக்கும்போது உண்டாகும் ஒரு பொருள் வழக்கமாகப் பித்தத்தோடு வெளியேறிவிடும். ஈரல் கெட்டால் ரத்தத்தில் தங்கி, தோலில் வெயில் படும்போது வெந்ததுபோல் புண்ணாக்கும். கறுப்புத் தோல் ஓரளவு காக்கும். இந்தக் கன்றுக்கு அந்தக் காப்பும் இல்லை. கன்று புல் கடிக்கத் தொடங்கும் முன்பே, பட்டியைச் சுற்றி முளைத்திருந்த உண்ணிச்செடியை வேரோடு வெட்டச் சொன்னேன்.

காலை மேய்ச்சலுக்கு அனுப்ப வேண்டாம், பொழுது சாய்ந்த பிறகு பட்டி ஓரத்திலேயே விட்டுக் கட்டுங்கள் என்பதே அடிப்படை ஆலோசனை. பார்வை மங்கலான, தூரத்திலிருந்தே பளிச்சென்று தெரியும் கன்று, புலியும் சிறுத்தையும் செந்நாயும் நடமாடும் காட்டில் மந்தையோடு போனால் திரும்பாது. மேய்ப்பவர் தானாகவே ஒரு வேலை செய்தார். குட்டையிலிருந்து கருஞ்சேற்றை அள்ளி, கன்றின் முதுகு, காது, மூக்கு மேட்டில் பூசிவிட்டார். எருமைக்கு வியர்வைச் சுரப்பி குறைவு. சேற்றில் புரள்வது அதற்குக் குளிர்ச்சி. அதே சேறு இங்கே வெயில் திரையாகவும் ஆனது. கடையில் விற்கும் களிம்பு எதையும் நான் எழுதித் தரவில்லை. தாய் நக்கும் கன்றுக்கு அதைவிடச் சேறு நல்லது.

காட்டிலும் அரண்மனையிலும்

விலை பேசியவரைப் பற்றி அம்மா இரண்டு மனதாக இருந்தார். கன்று ஒன்றோடு நிற்காது என்பதே என் பயம். காட்சிக்கு வைப்பவருக்கு அடுத்து ஒரு ஜோடி வேண்டியிருக்கும், அதற்கு இதே கடாவைத் தேடி வருவார். மத்தியப் பிரதேசத்து ரீவாவில் நடந்தது அதுதான். 1951-ல் அங்கே பிடிபட்ட மோகன் என்ற வெள்ளைப் புலிக்குட்டியை மகாராஜாவின் அரண்மனையில் வளர்த்து, சாதாரண நிறப் பெண் புலியோடு சேர்த்தபோது வெள்ளைக் குட்டி பிறக்கவில்லை. பிறகு அதன் சொந்த மகள் ராதாவோடு சேர்த்து, 1958-ல் வெள்ளைக் குட்டிகள் பெற்றார்கள். உலகின் மிருகக்காட்சி சாலைகளில் பெருகிய வெள்ளைப் புலிகளில் பெரும்பாலானவை அந்த வழி வந்தவை. மாறுகண்ணும் கூடவே பரவியது. அந்தப் புலிகள் ஆல்பினோவும் அல்ல. 2013-ல் வெளியான மரபணு ஆய்வின்படி அவற்றில் மாறியிருப்பது வேறொரு மரபணு. செம்மஞ்சள் மட்டும் போய்விடும், கோடுகள் நிற்கும், கண் நீலமாகும்.

காட்டில் தானாகத் தோன்றுபவையும் உண்டு. நீலகிரியிலேயே 2017-ல் மஞ்சள் மங்கி வெளிறிய புலி ஒன்று படத்தில் பதிவானது. பழனி மலைக்கும் ஆனைமலைக்கும் இடையே, அமராவதி வனச்சரகத்தில் கிடக்கும் மஞ்சம்பட்டிப் பள்ளத்தாக்கின் வெளிறிய காட்டெருமைகளைப் பற்றி நெடுங்காலமாகப் பேச்சு உண்டு. மலைகள் சூழ்ந்த சிறு கூட்டத்தில் ஒடுங்கு பண்புகள் வெளிப்படுவது எளிது. நம் பட்டியில் மலைக்குப் பதிலாக ஒற்றைக் கடா அந்த வேலையைச் செய்தது.

இப்போதைய நிலை

கன்றை விற்கவில்லை. பால்குடி மறந்து, தவிடும் அறுத்துப்போட்ட புல்லும் தின்கிறது. கண் இன்னும் ஆடுகிறது. ஆனால் பட்டிக்குள் எந்தக் கழி எங்கே என்று பழகிவிட்டதால் இடிப்பதில்லை. கோடையில் இடது காது விளிம்பு ஒருமுறை உரிந்து, நிழலில் கட்டியதும் ஆறியது. வேறு தொல்லை எதுவும் இல்லை.

கடாவை அனுப்ப முதலில் அம்மாவுக்கு மனம் வரவில்லை. வளர்த்த பாசம், அதோடு புதுக்கடாவின் விலை. கடைசியில் அவர் எடுத்த வழி நடுவானது: கடாவுக்குக் காயடித்து, வண்டி வேலைக்கு வைத்துக்கொள்வது, பருவத்துக்கு வரும் எருமைகளுக்கு முர்ரா சினை ஊசி போடுவது. எருமையின் பருவ அறிகுறி பசுவைப்போல் வெளிப்படையாகத் தெரியாது. இரவிலும் விடியலிலும் கவனித்தால்தான் ஊசியை நேரத்துக்குப் போட முடியும். அதற்கு மேய்ப்பவர் பொறுப்பேற்றிருக்கிறார்.

"இது பெரிசானா சினைக்கு விடலாமா தம்பி?" என்பது அம்மாவின் அடுத்த கேள்வி. விடலாம். பழுதுப் பிரதி இல்லாத கடாவின் சினை ஊசியில் உண்டாகும் கன்றுகள் எல்லாமே கறுப்பாகப் பிறக்கும். பார்வையும் நன்றாக இருக்கும். பாலின் நிறமோ தரமோ மாறாது. ஆனால் அந்தக் கன்றுகள் ஒவ்வொன்றும் ஒரு பிரதியைத் தவறாமல் சுமக்கும். அவற்றில் கடாக்கன்று பிறந்தால் பட்டிக்குக் கடாவாக வளர்க்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன். பழைய கடாவின் மகள்கள் எவை என்று அவர் நினைவிலிருந்து சொல்லச் சொல்ல, அவற்றின் காதில் மஞ்சள் வில்லை மாட்டியிருக்கிறோம்.